தண்டவாளம் இல்லாத ரயில் ஸ்டேஷன்



சென்ற மாதம் ஒரு நாள் நாம் பினாங்குக்குப் போயிருந்தோம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தென் கெடாவில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டியம்மாவையும் அவருடைய பேத்தியையும் கூட்டிக்கொண்டு, ஒரு பழைய காகிதத்தைத் தேடிப் போனோம்.

அந்தத் தோட்டம் கைமாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. லயத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு மலிவு விலை வீடு என்று பேச்சு வார்த்தை நடக்கிறது. ஆனால் மனுப் பாரத்தில் முதல் கேள்வியே, "குடியுரிமை உண்டா?" என்பதுதான். பாட்டியின் அடையாளக் கார்டு சிவப்பு.

பாட்டி பிறந்தது 1950-ல். வேறு தேசத்தில் பிறக்கவில்லை. இதே தோட்டத்தின் லயத்தில்தான் பிறந்தார். மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். பதிவு செய்தார்களா, செய்யவில்லையா, சொல்ல ஆள் இல்லை. பிறப்புப் பத்திரம் கையில் இல்லை. 12 வயதில் கிராணியார் வரிசையில் நிற்க வைத்துப் படம் பிடித்தார். கொஞ்ச நாளில் சிவப்புக் கார்டு வந்தது. அது சிவப்பா நீலமா என்று அந்த வயதில் யார் பார்த்தார்கள்?

அந்தக் காலத்துத் தோட்டங்களைத் தோட்டத்துப் பெரிய துரை மட்டும் நடத்தவில்லை. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற பட்டணங்களில் உட்கார்ந்திருந்த ஏஜென்சிக் கம்பெனிகள்தான் கணக்கு வழக்கு, ரப்பர் விற்பனை, சாமான் கொள்முதல், ஆள் விவகாரம் எல்லாவற்றையும் கவனித்தன. பாட்டியின் தோட்டத்துக் கணக்கைப் பார்த்த கம்பெனி பினாங்கில் இருந்தது. அதன் பழைய செக்ரோல் புத்தகம், ஆஸ்பத்திரிப் பதிவு ஏதாவது கிடைத்தால், "இந்த அம்மாள் இங்கேதான் பிறந்தார்" என்று காட்ட ஒரு பிடி கிடைக்குமே என்றுதான் போனோம்.

கைமாறிக் கைமாறி இப்போது அந்தக் கணக்கை வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட அலுவலகத்தில் ஓர் அம்மையார் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய் விசாரித்து வந்தார். "பழைய பேப்பர் எல்லாம் எப்பவோ கழிச்சிட்டாங்களாம். ஒண்ணும் இல்லை" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நாம் படி இறங்கி வந்தோம். மணி காலை பதினொன்று.

"இது இல்ல தம்பி"

ஃபெர்ரிக்குத் திரும்புமுன் பசியாறிவிட்டுப் போகலாம் என்று நடந்தபோது பாட்டி கேட்டார்: "தம்பி, வந்தது வந்தோம். எங்கய்யா சொன்ன மணிக்கூண்டை ஒரு தடவை பாத்துட்டுப் போவமா?"

பினாங்கில் மணிக்கூண்டு என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோட்டைக்குப் பக்கத்தில், விக்டோரியா மகாராணி 60 ஆண்டு ஆண்டதன் நினைவாகச் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். அங்கே கூட்டிப் போய் நிறுத்தினோம். பாட்டி அண்ணாந்து பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இது இல்ல தம்பி. அது கட்டடத்து மேலே இருக்கும். கீழே ரயில் ஸ்டேஷன்."

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டி, பினாங்குத் தீவில் ரயிலே கிடையாதே! ரயில் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில்" என்றோம். பாட்டி விடவில்லை. "எங்கய்யா பொய் சொல்ல மாட்டாரு" என்றார்.

பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா சொல்றது சரிதான். இப்ப அது கஸ்தாம் கட்டடம். அந்தக் காலத்துல அதுதான் ரயில் ஸ்டேஷன். தண்டவாளம் மட்டும் இல்ல" என்றார். நம் சிரிப்பு அடங்கிப் போயிற்று. படித்தவன் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வயது அம்மாளிடம் வாய்ச் சவடால் அடித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பெங்காலான் வெல்ட் என்று சொல்லப்படும் கடலோரச் சாலைக்கு வந்தோம். காட் லெபு சைனா முனையில் அது நிற்கிறது. பெரிய வெள்ளைக் கட்டடம். உச்சியில் மணிக்கூண்டு, அதற்கு மேல் குவிமாடம். பாட்டி சாலையின் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். "இதுதான்" என்றார்.

பேத்தி கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "1907-ன்னு போட்டிருக்கு அண்ணே" என்றாள்.

ரயில் இல்லாத ஊரில் ரயில் ஆபீஸ் எதற்கு?

தோழர்களே, இந்தக் கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நம்முடைய கதையும் இதில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் ரயில் பாதை துண்டு துண்டாகப் போடப்பட்டது. சுரங்கத்திலிருந்து ஈயம் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். பிறகு ரப்பர் வந்தது. 1903-ல் வடக்கே பிறையிலிருந்து தெற்கே சிரம்பான் வரை பாதை ஒன்றாகச் சேர்ந்தது. 1909-ல் ஜொகூர்பாரு வரை போய்விட்டது. வடக்கு முனை பிறை. பிறைக்கு எதிரே, கடலுக்கு நடுவே பினாங்குத் தீவு. கப்பல் வந்து நிற்பது தீவில். பாங்குகள், கப்பல் கம்பெனிகள், கிட்டங்கிகள், ஏஜென்சிக் கம்பெனிகள் இருப்பது தீவில். காசு புரள்வது தீவில். ரயிலோ கரையில்.

எனவே ரயில் கம்பெனி என்ன செய்தது? ஆளும் சரக்கும் எங்கே இருக்கின்றனவோ அங்கே தன் கடையை விரித்தது. 'மலாய் ஐக்கிய மாநில ரயில்வே' தீவின் வியாபார வட்டாரத்திலேயே, கடல் ஓரமாக, மணிக்கூண்டு வைத்து இந்தக் கட்டடத்தைக் கட்டியது. டிக்கெட் இங்கே வாங்கலாம். டிக்கெட் வாங்கியவர் ரயில்வேயின் படகில் ஏறிப் பிறைக்குப் போவார். அங்கே ரயில் காத்திருக்கும். தண்டவாளம் ஒரு முழம்கூட இல்லாமல் ஒரு ரயில் ஸ்டேஷன் நடந்தது இப்படித்தான்.

பக்கத்துத் தெருக்களில் சுற்றிப் பார்த்தால் இதே மாதிரி கம்பீரமான கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. லெபு பந்தாய் என்ற பீச் ஸ்திரீட் முழுவதும் பாங்கும் கம்பெனியும்தான். பெரிய பெரிய தூண், பெரிய பெரிய வாசல். கல்லும் சுண்ணாம்பும் பணத்தால் வந்தன; பணம் ரப்பராலும் ஈயத்தாலும் வந்தது; அதிகாலை இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தைச் சீவியவன் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டிக்கெட்டை யார் வாங்கியது?

இந்தக் கட்டடத்துக்குச் சொல்லப்படும் 1907 என்ற ஆண்டு நமக்கு வேறு ஒரு வகையிலும் முக்கியமான ஆண்டு. அதே 1907-ல்தான் 'தமிழர் குடிநுழைவு நிதி' என்ற ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களின் வேலை நாள் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து மேலும் மேலும் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டு வருவார்கள். அதற்கு முன் சஞ்சிக் கூலி முறை பெரிதாக இருந்தது. 1910-ல் இந்தியத் தொழிலாளருக்கு அது நிறுத்தப்பட்டது. அதன் பின் கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பதும், இந்த நிதியில் பயணச் செலவு கொடுப்பதும்தான் வழக்கம். 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை இது நடந்தது.

பாட்டியின் அய்யா வந்தது 1937-ல், அந்தத் தடைக்கு முந்திய ஆண்டு. வயது 15. கூட அவருடைய அண்ணன். நாகப்பட்டினத்தில் முகாம், அங்கிருந்து ரஜூலா கப்பல். ரஜூலாவைத் தெரியாத பழைய தோட்டக் குடும்பம் உண்டா? 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் நம் சனங்களைச் சுமந்தது.

பினாங்கை நெருங்கும்போது மேல்தட்டில் நின்ற யாரோ ஒருவர் கையை நீட்டி, "அதோ பார், மணிக்கூண்டு. அதுதான் ரயில் ஸ்டேஷன்" என்று பையனுக்குக் காட்டினாராம். பையனும் அங்கே போய் ரயில் ஏறுவோம் என்று ஆசையாக இருந்தானாம். ஆனால் அங்கே அவனை விடவில்லை. ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய் முகாமில் வைத்தார்கள். துணியை அவித்தார்கள், ஊசி போட்டார்கள். பிறகு படகு, பிறை, ரயில், தோட்டம். மணிக்கூண்டு தூரத்தில் தெரிந்ததோடு சரி.

சொந்தக் காசில் வந்தவர்கள் அந்தச் சன்னலில் டிக்கெட் வாங்கியிருப்பார்கள். நிதியில் வந்தவனுக்கு டிக்கெட் கையில் கிடையாது. அவன் பயணத்துக்கு வேறு யாரோ பணம் கட்டினார்கள். பேரைத் துரையின் புத்தகத்தில் எழுதினார்கள். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதமும் நிற்கவில்லை.

இதைப் பாட்டி சாலையோரத்தில் நின்று சொன்னபோது நாம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். பேத்தி, "பாட்டி, இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே" என்றாள். "நீ எப்பம்மா கேட்டே?" என்றார் பாட்டி.

எழுதாமல் போன பெயர்கள்

அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள் என்றோம். அண்ணன் திரும்பவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கில் ஆட்களைப் பிடித்துப் போனார்களே, அதில் அவரும் ஒருவர். தம்பி வெட்டுக்காட்டுப் புதரில் இரண்டு ராத்திரி ஒளிந்து கிடந்து தப்பினார். அண்ணன் எந்த முகாமில் செத்தார், எந்த இடத்தில் புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. இறப்புப் பத்திரம் என்று எதைக் கேட்பது?

ரயில் நம்மை இந்த நாட்டுக்குள் கொண்டு வந்தது. ரயில் பாதைதான் நம்மில் பல்லாயிரம் பேரைத் தின்றது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உண்டு. நம் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரே எழுதப்படவில்லை.

ஒரு வருடத் தவணை

1957 ஆகஸ்ட் 31-ல் மெர்டேக்கா வந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிறந்த குழந்தைகளுக்கு, 1962-ல் சட்டம் மாறும் வரை, பிறந்ததே போதும், குடியுரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் பிறந்து, தாய் தகப்பன் இருவரும் கடல் கடந்து வந்தவர்களாக இருந்தால், பலர் மனுப் போட்டுத்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. முதல் ஒரு வருடம், 1958 ஆகஸ்ட் வரை, மலாய் மொழிச் சோதனையும் தள்ளுபடி. தொழிற்சங்கத்தார் தோட்டம் தோட்டமாகப் போய், "மனுப் போடுங்கள், மனுப் போடுங்கள்" என்று தொண்டை வற்றக் கத்தினார்கள்.

போட்டவர்கள் பிழைத்தார்கள். போடாதவர்களும் நிறையப் பேர். பாட்டியின் அய்யா போடவில்லை. "நாலு காசு சேத்துக்கிட்டு ஊருக்குப் போற ஆளுக்கு இது எதுக்கு?" என்று இருந்துவிட்டார். அவரைத் திட்ட நமக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுப் பட்டணம் போனால் அன்றைக் கூலி போச்சு. எழுதப் படிக்கத் தெரியாது. நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்து ஏமாந்த அனுபவம் வேறு. அதனால் காகிதம் என்றாலே பயம்.

பயத்தின் பலன் 1969-ல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் பல்லாயிரம் பேர் கலங்கிப் போனார்கள். பாட்டிக்குப் பெர்மிட் கிடைத்தது, அய்யாவுக்குக் கிடைக்கவில்லை. 1970-ல் அவர் கப்பலேறினார். வந்த அதே ரஜூலா. வழியனுப்ப வந்த மகளுக்கு அப்போது வயது 20. துறைமுகத்தில் நின்று அய்யா கையை நீட்டிக் காட்டினாராம்: "பாரும்மா, நான் வந்தப்போ மொதல்ல பாத்தது அந்த மணிக்கூண்டுதான்." அவ்வளவுதான். பிறகு அப்பனும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை. மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லை. இருந்திருந்தாலும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. தந்தி வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

பாட்டி எதற்காக இந்த மணிக்கூண்டைப் பார்க்க வேண்டும் என்றார் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

கட்டடத்துக்கு உள்ள மரியாதை

காலம் மாறியது. 1967-ல் பட்டர்வொர்த்தில் ரயில் நிலையம் வந்து பிறையின் இடத்தைப் பிடித்தது. 1969-ல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து போயிற்று. 1985-ல் பாலம் திறந்தார்கள். இன்றைக்கு ரயில் டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே வாங்கிவிடலாம். மணிக்கூண்டுக் கட்டடத்தில் ரயிலின் வேலை முடிந்தது. சுங்க இலாகா வந்தது. 'விஸ்மா கஸ்தாம்' என்று பெயரும் மாறியது.

வேலை முடிந்துவிட்டதே, வயதாகிவிட்டதே என்று அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தது. அந்த வட்டாரத்துக்குள் பழைய கட்டடத்தில் கை வைப்பதானால் அனுமதி வேண்டும், விதி உண்டு, கேள்வி கேட்க ஆள் உண்டு. வெள்ளைக்காரர்களும் சீனர்களும் ஜப்பான்காரர்களும் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். நாம் நின்ற அரை மணி நேரத்தில் எத்தனையோ பேர் அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு இதில் வருத்தம் இல்லை. நல்ல கட்டடம், காப்பாற்றட்டும். பழையதை மதிக்கிற நாடுதான் நல்ல நாடு. ஆனால் அந்த நடைபாதையில் நின்றபோது ஒரு கேள்வி நெஞ்சை அடைத்தது. பேத்திதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"கட்டடம் எந்த வருசம் கட்டினதுன்னு இவ்வளவு சுளுவா தெரியுது அண்ணே. எங்க பாட்டி எந்த வருசம் எங்க பிறந்தாங்கன்னு காட்டத்தான் ஒரு பேப்பர் கிடைக்க மாட்டேங்குது."

கட்டடத்துக்குப் பதிவு இருக்கிறது, ஏனென்றால் அதற்குச் சொந்தக்காரன் இருந்தான். அவன் கணக்கு வைத்தான். நம்முடைய கணக்கையும் அவனேதான் வைத்திருந்தான். எத்தனை மங்கு, எத்தனை ராத்தல், எத்தனை நாள், எல்லாம் செக்ரோலில் இருந்தது. தோட்டம் விற்றபோது மரத்துக்கு விலை போட்டார்கள், நிலத்துக்கு விலை போட்டார்கள், ஸ்டோர் இயந்திரத்துக்கு விலை போட்டார்கள். நம் பெயர் இருந்த புத்தகத்தைக் குப்பையில் போட்டார்கள். அதற்கு விலை இல்லையே!

லயமும் அப்படித்தான் போகிறது. மாரியம்மன் கோயில், ஆயக்கொட்டகை, நாம் அரிச்சுவடி படித்த தோட்டப் பள்ளிக்கூடம் எல்லாம் போகின்றன. நம் லயத்துக்கு யுனெஸ்கோ வரப் போவதில்லை தோழர்களே. நம் வரலாற்றுக்கு நாமேதான் ஜாகா.

செய்ய வேண்டியது என்ன?

பாட்டிக்கு வழி அடைந்துவிடவில்லை. அரசியல் சாசனத்தில் 16-ஆவது விதி இன்றைக்கும் இருக்கிறது. மெர்டேக்காவுக்கு முன் இந்தக் கூட்டரசில் பிறந்தவர், மனுச் செய்வதற்கு முந்திய ஏழு ஆண்டில் குறைந்தது ஐந்து ஆண்டு இங்கே குடியிருந்தவர், தொடர்ந்து இங்கேயே வாழ நினைப்பவர், நன்னடத்தை உள்ளவர், சுமாராக மலாய் தெரிந்தவர், குடிமகனாகப் பதிந்துகொள்ளக் கேட்கலாம். பாட்டி எழுபத்தைந்து வருடமாக இங்கேயே இருக்கிறார். முட்டுக்கட்டை ஒன்றே ஒன்று. "இங்கேதான் பிறந்தேன்" என்று நிரூபிக்க வேண்டும்.

ஆகவே தேடுகிறோம். உங்கள் வீட்டிலும் சிவப்புக் கார்டுப் பெரியவர் இருந்தால் நீங்களும் தேடுங்கள்.

முதலில் தேசியப் பதிவு இலாகாவில் பிறப்புப் பதிவைத் தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். வீட்டில் இல்லை என்பதாலேயே பதிவே இல்லை என்று ஆகிவிடாது. பெயரை எழுதிய கிராணி எப்படி எழுதினாரோ, "முனியம்மா" என்பது "மினாமா" என்றுகூட இருக்கலாம். அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது, தோட்டப் பள்ளியில் படித்திருந்தால் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி மூடியிருந்தால் எந்தப் பள்ளியோடு சேர்த்தார்களோ அங்கே விசாரியுங்கள். தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, அம்மை குத்திய அட்டை, பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, சங்கச் சந்தா அட்டை, எதையும் தூக்கி எறியாதீர்கள். தனித் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தெரியும். பத்தும் சேர்ந்தால் ஒரு சாட்சி.

மூன்றாவது, பெரியவர்களின் வாய்மொழி. அவர் பிறந்ததை அறிந்த வயதில் மூத்தவர் யாராவது உயிரோடு இருந்தால், சத்தியப் பிரமாணம் வாங்குகிற கமிஷனர் முன்னால் அவரை நிறுத்தி எழுதி வாங்குங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். 75 வயதுக்காரருக்குச் சாட்சி சொல்லக்கூடியவருக்கு வயது என்ன இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இளைய தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காதீர்கள். திருமணத்தைச் சட்டப்படி பதியுங்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து இது கட்டாயம். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயின் அந்தஸ்தைத்தான் பெறும். தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால், தகப்பன் நீலக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நாடற்றவனாக நிற்க நேரிடலாம். 12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போதுதான் இது தெரிய வருகிறது. அப்புறம் அழுது என்ன பயன்? நம்மிடம் வருகிற வழக்குகளில் இந்த மாதிரி வழக்குகள்தான் மனத்தை மிகவும் வருத்துகின்றன. ஒரு நாள் வேலை போனாலும் போகட்டும், பதிந்துவிட்டு வாருங்கள்.

நம் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளம், போனஸ், ஆள் குறைப்பு என்று பேசப் போகிறோம், சரிதான். தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்த உடனே, நிர்வாகத்திடம் இன்னொன்றையும் கேளுங்கள். பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் புத்தகம், ஆஸ்பத்திரிப் புத்தகம் எங்கே இருக்கின்றன? எரிக்காமல் எங்களிடம் அல்லது சுவடிக் காப்பகத்திடம் கொடுங்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். இழப்பீடு பேசும் மேசையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள். பணம் செலவாகிவிடும், பெயர் இருந்த புத்தகம் போனால் திரும்ப வராது.

ஃபெர்ரியில்

வெயில் ஏறியது. பாட்டி கட்டடத்தின் பக்கம் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பேத்தி ஒரு படம் எடுத்தாள். வாசலில் நின்ற காவல்காரர், "மாவ் ஆப்பா, மாக்சிக்?" என்று கேட்டார். பாட்டி நல்ல மலாயில் பதில் சொன்னார். தன் அப்பா 1937-ல் கப்பலில் வந்தபோது இந்தக் கட்டடத்தைத்தான் முதலில் பார்த்தார் என்று சொன்னார். காவல்காரர், "என் தாத்தாவும் ரயில்வேயில்தான் வேலை செய்தார்" என்று மலாயில் சொல்லி, நிழலில் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார்.

நாம் மனத்துக்குள் நினைத்துக்கொண்டோம்: மொழிச் சோதனையில் பாட்டி தேறிவிடுவார்.

ஃபெர்ரியில் சன்னலோரம் உட்கார்ந்து, மணிக்கூண்டு மறையும் வரை பாட்டி பார்த்துக்கொண்டே வந்தார். கரை நெருங்கும்போது திரும்பி, "தம்பி, நம்ம தோட்டத்துல பழைய மண்டோர் சம்சாரம் ஒருத்தி இருந்தா. என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தவ. மக வீட்டோட சுங்கை பட்டாணியில இருக்கறதா கேள்வி. நான் பொறந்தப்போ சுடுதண்ணி வெச்சுக் கொடுத்தவளே அவதான்னு எங்கம்மா சொல்லும். இன்னும் இருக்காளோ என்னவோ" என்றார்.

"இதை ஏன் பாட்டி காலையிலேயே சொல்லலை?" என்று கேட்டோம்.

"நீங்க பேப்பரைத்தானே கேட்டீங்க" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் சுங்கை பட்டாணிக்குப் போகிறோம். அந்த அம்மாள் நல்ல சுகத்தோடும் நினைவோடும் இருக்க வேண்டும் என்று வாசகத் தோழர்களும் வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்று ராத்திரியே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் கப்பல், எந்த வருடம், எந்த லயம், யார் மருத்துவம் பார்த்தது என்று. கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.